எடுத்த இடத்தில் வைக்கவும்

மாணவர்களின் கற்றலிலும் ஆய்விலும் எங்கள் நூலகம் ஏற்படுத்திய தாக்கம் ஐந்துக்கு நான்கு புள்ளி ஆறு. பளபளப்பான தாளில் அச்சடித்து, முதல் பக்கத்தில் கல்லூரிச் செயலரின் படம் போட்டு, தரமதிப்பீட்டுக் குழுவின் கையில் கொடுத்த அறிக்கை அப்படிச் சொல்கிறது. அந்த அறிக்கையை எழுதியவள் நான். அதனால்தான் சொல்கிறேன், அதில் ஒரு வரியையும் நம்ப வேண்டாம்.

என் பெயர் மரியசெல்வி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் ரோட்டில், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் மண்டிய ஒரு பொட்டலில் இருக்கிறது எங்கள் கல்லூரி. பதினேழு வருடமாக நான் அங்கே நூலகர். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, ஒட்டுவது, ஒட்டடை அடிப்பது எல்லாம் நான்தான். ஆறு வருடத்துக்கு முன்பு வரை மாயக்காள் என்று ஓர் அட்டெண்டர் இருந்தாள். செயலர் அறைக்கு டீ கொண்டுபோக ஆள் வேண்டும் என்று அவளை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அன்று மாலை மேசைகளில் கிடந்த நூற்றுச் சொச்சம் புத்தகங்களை ஒற்றை ஆளாக அடுக்கி முடிப்பதற்குள் என் பஸ் போய்விட்டது. வந்த ஆத்திரத்தில் மறுநாளே பெயிண்டரைப் பிடித்து ஒரு பலகை எழுதி மாட்டினேன். 'படித்த நூலை எடுத்த இடத்தில் வைக்கவும்.' சிவப்பு எழுத்து, வாசலில் நின்றாலே தெரிகிற அளவு.

நூலகவியல் படித்தவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நேர் எதிரானது. வாசகரை அடுக்க விடாதே, மேசையிலேயே விட்டுப் போகச் சொல். இடம் மாற்றிச் சொருகிவிடுவார்கள் என்பது ஒரு காரணம். வெளியே எடுத்துப் போகாமல் உள்ளேயே உட்கார்ந்து படிக்கிற புத்தகங்களுக்கு வேறு கணக்கே கிடையாது, மேசையில் கிடப்பதை எண்ணினால்தான் உண்டு என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தடவை சொன்னால் போதும். மிளகாய்க் காட்டிலும் விசைத்தறிச் செட்டிலும் வேலை செய்கிற தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். விரித்துப் போட்டுவிட்டுப் போனால் படிப்பு ஏறாது என்று வீட்டில் சொல்லி வளர்த்திருப்பார்கள், இந்து வீடானாலும் சரி, எங்கள் வேதக்கார வீடானாலும் சரி. பலகை மாட்டிய மறுநாளிலிருந்து மேசை துடைத்த மாதிரி இருந்தது. பஸ்ஸைப் பிடிக்க நேரம் கிடைத்தது. நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பலகையை எல்லாரையும் விட ஒழுங்காகக் கேட்டவள் சுகந்தி. திருச்சுழிக்குத் தெற்கே ஓர் ஊர் அவளுக்கு. வயது இருபத்தொன்பது. வார நாட்களில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். எங்கள் கல்லூரியின் ஆய்வு மையத்தில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். சனிக்கிழமை தோறும் ஒன்பதரை பஸ்ஸில் வந்து இறங்குவாள். வாசலில் செல்போனைக் கொடுத்துவிடுவாள், ஏனென்றால் எங்கள் வளாகத்துக்குள் மாணவர் யாரும் செல்போன் கொண்டுவரக் கூடாது. நேராகப் பார்வை நூல் பகுதிக்குப் போய், கடைசி அலமாரியின் நடுத்தட்டிலிருந்து இரண்டு நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓர மேசையில் உட்காருவாள். மதியம் ஒரு தூக்குவாளிச் சோறு. நான்கு மணிக்கு நோட்டை எடுத்த இடத்தில் வைத்து, நாற்காலியை உள்ளே தள்ளி, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போவாள். நான்கு வருடம் இப்படி.

அந்த நோட்டுகள் மொத்தம் முப்பத்தெட்டு. நீர்ப்பாசனத் துறையில் கடைநிலை வேலை பார்த்த சின்னச்சாமி என்பவர் எழுதியவை. முப்பத்தொரு வருடம் சைக்கிளில் போய், இந்த வட்டாரத்தில் ஐம்பத்திரண்டு கண்மாய்களின் மடைக்கல்லில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று மாதம் தவறாமல் பார்த்து எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே அந்த மாத மழை. எந்த மழைக்கு எந்தக் கால்வாயில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது என்றும் இருக்கும். அரசாங்கம் கேட்டு எழுதியது அல்ல. அவர் செத்த பிறகு மகள் ராக்கம்மாள் உரச் சாக்கில் கட்டிக்கொண்டுவந்து ஆள் பிடித்து என் மேசையில் இறக்கினார். "யாரும் கேக்காமலே எழுதுனாக. எடைக்குப் போட மனசு வரல" என்றார். நான் அட்டை போட்டு, எண் ஒட்டி, பார்வை நூல் பகுதியில் வைத்தேன். பார்வை நூல் என்றால் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

நூலகத்தில் ஜெராக்ஸ் மெஷின் கிடையாது, சுகந்தி அதைத்தான் கையால் படியெடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

"அக்கா, எழுபத்தொம்பதுல பெஞ்ச மழையும் தொண்ணூத்தெட்டுல பெஞ்ச மழையும் ஒரே அளவு. கண்மாயில மட்டும் பாதித் தண்ணிகூட இல்ல. இந்த ஒரு கண்மா மட்டுமில்லக்கா, ஒரே கால்வாயில இருக்குற பதினோரு கண்மாயும் இப்படித்தான். எங்க ஊருல மழையத்தான் வஞ்சுக்கிட்டுக் கெடக்காக. மழை ஒழுங்காத்தான் பெஞ்சிருக்கு. வரத்துக் கால்வாயத்தான் அடைச்சுப்புட்டாங்க. எந்த வருசம் அடைச்சாங்கங்கற வரைக்கும் இதுல இருக்கு."

இதுதான் அவள் ஆய்வு. ஐம்பத்திரண்டில் நாற்பத்தொரு கண்மாயைப் படியெடுத்து முடித்திருந்தாள். பதினொன்று பாக்கி, புரட்டிப் பார்த்துவிட்டு அவள் சொன்ன அதே பதினொன்று. டிசம்பரோடு அவள் பதிவு முடிகிறது, அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது. சனிக்கிழமைகளை எண்ணி வைத்திருந்தாள். சரியாகப் போதும் என்றாள்.

ஜூன் மாதம் செயலர் ஒரு கேள்வி கேட்டார். இந்த நூலகத்தால் யாருக்கு என்ன விளைந்தது என்று காட்டுங்கள். கேள்வி நியாயமானதுதான். பதினேழு வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. யாராவது கேட்க மாட்டார்களா என்று நானே ஏங்கியிருக்கிறேன். கேட்டது பதில் தெரிந்துகொள்ள அல்ல, செப்டம்பரில் வரப்போகிற தரமதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்ட. பொறுப்பை வணிகவியல் பேராசிரியர் ஜெயபாண்டியிடம் கொடுத்தார்கள். தர உறுதிக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். கெட்ட மனிதர் இல்லை. லேப்டாப்பில் கட்டம் போடத் தெரிந்தவர், அந்தக் கட்டத்துக்கு வெளியே எதுவும் தெரியாதவர்.

"மூணே மூணு அளவுகோல் மேடம்" என்றார். "எத்தனை பேரு உள்ள வாராங்க. இருக்குற புத்தகத்துல எத்தனை புழங்குது. வந்தவங்க எத்தனை மார்க் போடுறாங்க. மூணையும் கூட்டி வகுத்தா தாக்கம்."

முதல் அளவுகோலில் எங்களுக்கு ஐந்துக்கு ஐந்து. வாசலில் பொருத்திய எண்ணும் கருவி நாளைக்கு ஆயிரத்து நூறு பேர் என்றது. கல்லூரியில் இருப்பதே தொள்ளாயிரம் பேர். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. வளாகத்திலேயே ஒரு சுத்திகரிப்பு மெஷின்தான், அது நூலகத்துக்குள் இருந்தது. பிள்ளைகள் பாட்டிலோடு வந்து, பிடித்துக்கொண்டு, போனார்கள். மூன்று வேளைக்கு மூன்று வாசகர். நான் ஜெயபாண்டியிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "எதுக்கு வந்தாங்கன்னு மெஷின் கேக்கல, நம்ம ஏன் மேடம் கேக்கணும்?" என்றார்.

இரண்டாவது அளவுகோலில்தான் சிக்கல். புழங்கிய புத்தகத்தை மொத்தப் புத்தகத்தால் வகுக்க வேண்டும். கணினி ஒரு பட்டியலைக் கக்கியது. பத்து வருடமாக ஒரு தடவைகூட வெளியே போகாத புத்தகங்கள், இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். அதில் பார்வை நூல்கள் அத்தனையும் இருந்தன. வெளியே கொண்டுபோகக் கூடாது என்று நாமே தடுத்துவிட்டு, வெளியே போகவில்லை என்று அதற்கே மார்க்கைக் குறைப்பது என்ன நியாயம் என்று சண்டைக்குப் போனேன். ஜெயபாண்டி கொஞ்சம் யோசித்தார். உள்ளே படிப்பதை அளக்க வழி உண்டா என்று கேட்டார்.

வழி உண்டு என்று சொன்னது நான்தான். பதினான்கு நாள் தினமும் மாலை மேசையில் கிடக்கிற புத்தகங்களை எண்ணலாம், உலகம் முழுக்க அப்படித்தான் எண்ணுகிறார்கள் என்று பெரிய இவளாட்டம் விளக்கினேன். அவரும் உடனே ஒப்புக்கொண்டு எனக்கு ஒரு படிவம் அடித்துக் கொடுத்தார்.

பதினான்கு நாளும் நான்கரை மணிக்குப் படிவத்தோடு மேசை மேசையாகப் போனேன். முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாள் பூஜ்யம். பரீட்சை முடிந்து பிள்ளைகள் சோர்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். இடையில் வந்த இரண்டு சனிக்கிழமையிலும் சுகந்தி ஆறு மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டுப் போனாள். நான் படிவத்தோடு அவள் மேசைக்குப் போனால் ஒரு தூசி இல்லை. பதினான்காம் நாள் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே சிவப்பு எழுத்தில் என் பலகை இருந்தது.

மறுநாள் காலையில் ஜெயபாண்டியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். பலகையைக் கழற்றிவிட்டு இன்னொரு பதினான்கு நாள் எண்ணலாம் என்றேன்.

"கழட்டுனா மட்டும் விட்டுட்டுப் போயிருவாங்களா மேடம்? ஆறு வருசப் பழக்கம். நானே எடுத்தா வச்சுட்டுத்தான் போறேன்" என்றார். அதில் அவர் சொன்னது சரிதான். பிறகு குரலைத் தாழ்த்தினார். "செயலர் நேத்தே கேட்டுட்டாரு. புழங்காதத கழிச்சுட்டா வகுக்குற எண்ணு குறையும், மார்க்கு தானா ஏறும், வேலை முடிஞ்சது. இல்ல, உங்க போர்டாலதான் எண்ணிக்கை வரலன்னு நீங்களே அவருகிட்டச் சொல்றீங்களா? உங்க வேலையும் இந்த மாசந்தானே புதுப்பிக்கணும்?"

அவர் மிரட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். எனக்கு வருடா வருடம் ஜூனில் புதுப்பிக்கிற வேலை. பதினேழு ஜூன் பார்த்தவள், பதினெட்டாவது ஜூனிலும் பயந்தேன். பட்டியலில் கடைசிப் பக்கத்தில் அந்த முப்பத்தெட்டு எண்களும் வரிசையாக இருந்தன. பார்த்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டேன். கழித்ததை எடைக்கு எடுத்துப்போக லாரி அடுத்த திங்கட்கிழமை வரும் என்றார்கள். அதற்குள் நோட்டுகளை என் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று கணக்குப் போட்டேன். சனிக்கிழமை சுகந்தி வருவாள், அவள் கைக்கு எட்டுகிற மாதிரி அன்று மாலை வரை தட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். பாவி, அன்றே எடுத்திருக்கலாம்.

வியாழக்கிழமை என்னை மதுரைக்கு ஒரு நாள் பயிலரங்குக்கு அனுப்பினார்கள். தலைப்பு, நூலகச் சேவைகளின் தாக்கத்தை அளவிடுதல். நான் கதை கட்டவில்லை, சான்றிதழ் இன்னும் வீட்டில் இருக்கிறது. ஏசி அறை, திரையில் வட்டங்கள், அம்புக்குறிகள். வாசகரின் வாழ்வில் ஏற்படும் மாற்றமே உண்மையான அளவுகோல் என்று ஒருவர் அழகாகப் பேசினார். நான் குறிப்பெடுத்தேன். மதியம் வெஜிடபிள் பிரியாணி கொடுத்தார்கள். நான் அதைத் தின்றுகொண்டிருந்த நேரத்தில் எங்கள் நூலகத்தில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை வேறு சவாரி கிடைத்துவிட்டதால் லாரிக்காரர் முன்னாலேயே வந்துவிட்டாராம். வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது கடைசி அலமாரி மொத்தமும் காலி. தட்டுகளில் புத்தகம் நின்ற இடம் மட்டும் தூசி இல்லாமல் தெரிந்தது.

நூலகத்தைப் பூட்டிவிட்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். லீவு எழுதிக் கொடுக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பழைய பேப்பர் கடை சங்கரலிங்கத்தின் குடோன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. அவர் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நேத்து எங்க காலேஜ் லோடு வந்துச்சே, அது எங்க?"

"அது நேத்தே போயிருச்சேம்மா. சிவகாசிப் பக்கம் வெடிக்குக் கொழா உருட்டக் கேட்டுட்டே இருந்தாங்க. சாயங்காலமே ஏத்தி விட்டுட்டேன்."

"அதுல கைல எழுதுன நோட்டு கொஞ்சம் இருந்துச்சு. நீளமான நோட்டு. முப்பத்தெட்டு."

அவர் பேப்பரை மடித்தார். "ஆமா, பாத்தேன். கெட்டித் தாளு. பழைய தாளுல்ல, கொழாய்க்கு நல்லா நிக்கும்னு தனியாவே கேட்டு வாங்கிட்டுப் போனான். அட்டை வேணும்னா கெடக்கும்மா. துணி ஒட்டுன அட்டைய அவங்க எடுக்க மாட்டாங்க, நாங்களே கிழிச்சுப் போட்டுருவோம்."

போன் போட்டுக் கேளுங்கள் என்று கெஞ்சினேன். என் முன்னாலேயே போட்டார், ஸ்பீக்கரில் வைத்தார். காலையிலேயே வெட்டிப் பத்துப் பதினைந்து வீடுகளுக்குக் குழாய் சுற்றக் கொடுத்தாகிவிட்டது என்று மறுமுனையில் சொன்னார்கள். சங்கரலிங்கம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முக்கியமானதுன்னா நீங்க ஏம்மா எடைக்குப் போட்டீக?" என்று கேட்டார். மூலையில் குவிந்துகிடந்த அட்டைகளுக்குள் மண்டிபோட்டுத் தேடினேன். முப்பத்தெட்டு அட்டையும் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் நான் ஒட்டிய எண், அதற்குக் கீழே நான் எழுதிய கண்மாய்ப் பெயர்கள். ஒரு சாக்கும் கயிறும் கொடுத்தார். ராக்கம்மாள் கொண்டுவந்ததும் ஒரு சாக்கில்தான், அன்று அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. இப்போது நான் ஒருத்தியே தூக்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஒன்பதரை பஸ் வந்தது. சுகந்தி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கடைசி அலமாரிக்குப் போனாள். காலித் தட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, பெயிண்ட் அடிக்கப் போறாகளா?"

நான் சாக்கைப் பிரித்து அட்டைகளை அவள் மேசையில் வைத்தேன். நடந்ததை எதையும் மறைக்காமல் சொன்னேன். பட்டியல், படிவம், பூஜ்யம், பலகை, என் கையெழுத்து, பிரியாணி வரைக்கும் சொன்னேன். அவள் ஓர் அட்டையை எடுத்துத் திறந்தாள். உள்ளே எதுவும் இல்லை. அடுத்ததைத் திறந்தாள். முப்பத்தெட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணு என் கையில இருக்குல்லக்கா" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. "அத வச்சு எழுதிருவேன்."

ஆனால் அவளுக்கே தெரியும். அந்தப் பதினொன்று இல்லாமல் அடைத்த கால்வாய் என்று ஒரு வரிகூட எழுத முடியாது. இருக்கிற நாற்பத்தொன்றுக்கும் ஆதாரம் எங்கே இருக்கிறது என்று அடிக்குறிப்பில் போட வேண்டும், தேர்வாளர் கேட்டால் காட்ட வேண்டும். எதைக் காட்டுவாள்? அவள் கையெழுத்தில் இருக்கிற நகலை அவளே ஆதாரம் என்று சொல்ல முடியுமா?

நான் அழுதேன். அவள் அழவில்லை. "நீங்க என்னக்கா செய்வீக" என்றாள். அதைச் சொல்லாமல் என்னை நாலு வார்த்தை வைதிருக்கலாம். நான் என்ன செய்திருக்க முடியும் என்பதற்கு என்னிடமே நாலு பதில் இருந்தது. பலகையைக் கழற்றியிருக்கலாம். கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கலாம். செயலரிடம் நேரில் போயிருக்கலாம். ஒன்றும் முடியாவிட்டால் முப்பத்தெட்டு நோட்டை ஒரு மணி நேரத்தில் பீரோவுக்கு மாற்றியிருக்கலாம்.

நான்கு மணி வரை அவள் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். எதுவும் எழுதவில்லை. தூக்குவாளியைத் திறக்கவில்லை. பிறகு எழுந்து, அந்த முப்பத்தெட்டு அட்டைகளையும் எண் வரிசையாக அடுக்கி, கடைசி அலமாரிக்குக் கொண்டுபோய், நடுத்தட்டில், நோட்டு இருந்த அதே இடத்தில் நிறுத்தி வைத்தாள். வைத்துவிட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாற்காலியை உள்ளே தள்ளினாள். மேசையிலேயே போட்டுவிட்டுப் போடி என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு மாற்று வழி சொன்னாராம். கண்மாய் குறித்த விவசாயிகளின் மனப்பான்மை என்று தலைப்பை மாற்றிக்கொள், நூறு பேரிடம் ஒரு வினாத்தாள் நிரப்பு, மூன்று மாதத்தில் முடித்துவிடலாம். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "கால்வாய அடச்சது மனப்பான்மையாக்கா?" என்று போனில் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் சனிக்கிழமை வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு தடவை வந்தாள். மூன்றாவது அளவுகோலுக்காகக் கூப்பிட்டிருந்தார்கள். ஆய்வு மாணவர் எல்லாரும் கருத்துப் படிவம் நிரப்ப வேண்டும். பதிவு டிசம்பர் வரை உயிரோடு இருந்ததால் அவளும் ஆய்வு மாணவிதான். ஜன்னல் ஓர மேசையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்தாள். நான் அதை அவள் எதிரில் பார்க்கவில்லை. பஸ் ஏறியிருப்பாள் என்று தெரிந்த பிறகு எடுத்துப் பார்த்தேன்.

உங்கள் ஆய்வுக்கு இந்நூலகம் எந்த அளவுக்கு உதவியது? ஐந்து. நூலகரின் ஒத்துழைப்பு? ஐந்து. தேவையான நூல்கள் தேவையான நேரத்தில் கிடைத்தனவா? ஐந்து. பன்னிரண்டு கேள்விக்கும் ஐந்து. ஒரு கேள்விக்காவது ஒன்று என்று போட்டிருந்தால் அன்று இரவு நான் தூங்கியிருப்பேன். கடைசியில் ஆலோசனை என்று ஓர் இடம் விட்டிருந்தது. அதில் பேனாவால் சின்னதாக எழுதியிருந்தாள். 'அந்தப் பலகையை எடுத்துருங்க அக்கா.'

ஜெயபாண்டி அந்த வரியைப் பார்த்துவிட்டு, குழுவுக்குப் போகிற படிவத்தில் அக்கா தங்கை எல்லாம் கூடாது என்று அதன் மேல் வெள்ளை மை தடவினார். மார்க்கை மட்டும் எடுத்து, மூன்று அளவுகோலையும் கூட்டி வகுத்தோம். நான்கு புள்ளி ஆறு.

செப்டம்பரில் குழு வந்தது. தலைவர் நூலகத்தைச் சுற்றிப் பார்த்து, ஒரு மேசையில்கூட ஒரு புத்தகம் கிடக்கவில்லையே என்று ஆச்சரியப்பட்டார். என் பலகைக்குக் கீழே நின்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கிராமப்புற மாணவரிடம் இத்தகைய ஒழுங்கைக் கொண்டுவந்தது சிறந்த நடைமுறை என்று தங்கள் குறிப்பில் எழுதினார்கள். அதனால் இப்போது பலகையைக் கழற்ற முடியாது. கழற்றுவதென்றால் செயலரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். என் வேலையை இன்னொரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். டிசம்பரில் சுகந்தியின் பதிவு ரத்தாகிவிட்டது.

இனிமேல் வருடா வருடம் அளப்பார்களாம். மிச்சமிருக்கிற புத்தகங்களைக் காப்பாற்ற வேண்டுமே. அதனால் தினமும் மாலை நான்கரை மணிக்கு, கடைசிப் பிள்ளை பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போன பிறகு, நானே அலமாரியிலிருந்து முப்பது நாற்பது நூல்களை எடுத்து மேசைகளில் விரித்துப் போடுகிறேன். படிவத்தை எடுத்து எண்ணுகிறேன். எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் எடுத்த இடத்தில் வைக்கிறேன்.

கடைசி அலமாரியின் அந்த முப்பத்தெட்டு அட்டைகளையும் பதிவேட்டில் மறுபடி சேர்த்துவிட்டேன். தினமும் முதலில் எடுப்பது அவற்றைத்தான். சனிக்கிழமைகளில் ஜன்னல் ஓர மேசையில் போடுகிறேன். இந்த வருடப் பட்டியல் போன வாரம் வந்தது. எங்கள் நூலகத்தில் அதிகம் புழங்குகிற நூல்கள் அவைதான்.